கடன் பட்டியலில் ஏழாவது வரி

கேள்வி: ஊர் தங்கச்சிமடம். வயது 41. என் கணவர் சொந்தமாக விசைப்படகு வைத்துத் தொழில் பார்த்தவர். போன வருடம் ஒரு சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். அவர் கரையில் நின்றுகொண்டார், நாலு பேர் போனார்கள். படகோடு சேர்த்து அவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று மாதம் கழித்து ஆட்கள் வந்துவிட்டார்கள். படகு வரவில்லை. வழக்கு வாய்தாவிலேயே ஓடுகிறது. அன்றிலிருந்து அவர் திண்ணையை விட்டு எழுந்திருப்பதில்லை. பாக்கிகளைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், மொத்தம் ரூ.11 லட்சம். மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம். நான் கருவாடு வாங்கி விற்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் இல்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, “உனக்கு விசுவாசம் பத்தலை, அதான் பயப்படுறே. பாரத்தை ஆண்டவர் மேல போட்டுட்டுத் தூங்கு” என்றார். நானும் போட்டுப் பார்க்கிறேன், இறங்க மாட்டேன் என்கிறது. இவ்வளவு பெரிய கஷ்டத்தில் கடவுளை நம்புவது என்றால் என்னதான் செய்ய வேண்டும்? எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை இல்லையா? (பெயர் வேண்டாம், ஊர் போடலாம்.)

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

தங்கச்சி என்று எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்களைவிட நான் பன்னிரண்டு வயது மூத்தவள். அதோடு உங்கள் ஊர்ப் பெயரிலேயே தங்கச்சி இருக்கிறாள், பக்கத்திலேயே அக்காள்மடமும் இருக்கிறது. இன்றைக்கு நான் அந்த அக்காள்.

உங்கள் கடிதம் நாலு பக்கம், மேலே போட்டிருப்பது அதன் சுருக்கம். நாலாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதி, பிறகு அதைப் பேனாவால் இரண்டு தடவை அடித்திருக்கிறீர்கள். அழுத்தி எழுதும் கை உங்களுக்கு. தாளைத் திருப்பினால் பின்பக்கம் எழுத்து புடைத்துத் தெரிகிறது. படித்துவிட்டேன். அதை மேலே அச்சில் போடவில்லை. ஆனால் முதலில் அதைத்தான் பேச வேண்டும். கடன் எங்கேயும் ஓடிவிடாது.

செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா? நேராகவே கேட்கிறேன். இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுவார்கள். நான் பார்த்தவரையில் கேட்டதும் எதிரில் இருப்பவரின் தோள் கொஞ்சம் இறங்கும். அப்பாடா, ஒருத்தராவது கேட்டார்களே என்று. தோன்றுகிறது என்றால் இதைப் படித்து முடித்த கையோடு ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அண்ணனிடம் சொல்லலாம், பங்குச் சாமியாரிடம் சொல்லலாம். முகம் தெரிந்தவர்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104-க்கும் போடலாம். அழகான வார்த்தை தேட வேண்டாம். “எனக்கு இப்படித் தோணுது, தனியா இருக்கப் பயமா இருக்கு” என்றால் போதும். அந்த நினைப்பு வலுக்கிற ராத்திரியில் தனியாக வெளியே இறங்காதீர்கள், யாரையாவது கூடப் படுக்கச் சொல்லுங்கள்.

ஏன் அந்த வரியை அடித்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. அப்படி நினைப்பதே பாவம், நினைத்ததை ஒருவரிடம் சொல்வது அதைவிடப் பாவம் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். 2017-ஆம் வருட மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவரைக்கூடக் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றுதான் பார்க்கச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது, கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. டெல்லியில் உட்கார்ந்து எழுதிய சட்டத்துக்கே அவ்வளவு இரக்கம் இருக்கும்போது, நீங்கள் கும்பிடுகிற சாமிக்கு இருக்காதா?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நான் சைவ வீட்டில் பிறந்தவள். மண்டபத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்ததால் விவிலியக் கதைகள் பழக்கம். எலியா கதையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். சற்று முன்புதான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து தீயை இறக்கிய ஆள் அவர். அரசி ஈசபேல் ஆளனுப்பி மிரட்டியதும் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு நாள் முழுக்க நடந்து ஒரு சூரைச்செடிக்கு அடியில் விழுகிறார். நம் பக்கத்துக் கருவேல நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரை நிழல், மீதி முள். “போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்” என்கிறார். அதற்கு வானதூதர் என்ன சொன்னார்? உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்றாரா? தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி படுத்துக்கொண்டார். தூதர் இரண்டாம் தடவை வந்தார். அப்போதும் பிரசங்கம் கிடையாது, அதே சாப்பாடுதான்.

இதைப் படிக்கும்போதெல்லாம், மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேசுகிற எங்கள் தொழிலின் முதல் பாடம் இங்கேயே இருக்கிறதே என்று நினைப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. கணவனை இழந்த ஒரு பெண் வந்து உட்கார்ந்து அழுதார். நான் பத்து நிமிடத்தில், “தைரியமா இருங்க, கடவுள் இருக்கார், எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சரிங்க என்று போனார். அப்புறம் அவர் வரவே இல்லை. காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே அந்த ஜெபக்கூட்ட அக்கா மேல் கோபப்படாதீர்கள். நான் செய்த தவறைத்தான் அவரும் செய்திருக்கிறார். பயம் என்பது உடம்பு அடிக்கும் மணி. மணி அடிப்பதால் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாது. உங்களுக்கு அந்த மணி நிற்காமல் பல மாதமாக அடித்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி இரண்டு மணி விழிப்பு, சோறு இறங்காதது, கருவாட்டுக் கூடையைத் தூக்கினால் நெஞ்சு படபடப்பது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டுப் போய் உட்காருங்கள்.

டாக்டரிடம் போனால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்று தயங்கினால் தர்கா ஊரான ஏர்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் இறந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம் அது. அந்த வாரம் முழுக்க எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை, தர்காவின் அருளில் குணமாகும் என்று நம்பி வந்த சொந்தக்காரர்கள். இப்போது அதே ஏர்வாடியில் துஆ என்கிற வேண்டுதலும் நடக்கிறது, பக்கத்திலேயே டாக்டரும் மாத்திரை கொடுக்கிறார். மருந்தும் துஆவும் என்றே அதற்குப் பெயர். ஓதிவிட்டு எழுந்து வரிசையில் நின்று மாத்திரை வாங்கிப் போகிறார்கள். யாருக்கும் அதில் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். இரண்டாம் பக்கத்தில் எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் நகைக்கடன் ரூ.3 லட்சம். ஐந்து வட்டிக்கு வாங்கியது ரூ.4 லட்சம். இரண்டு குழுக்கடனில் பாக்கி ரூ.1.20 லட்சம். டீசல், ஐஸ் பாக்கி ரூ.1 லட்சம். அண்ணனிடம் ரூ.1 லட்சம். நாத்தனாரிடம் ரூ.80,000. ஆறு வரி. அதற்குக் கீழே, அதே மையில், அதே வரிசையில்: “7. கச்சத்தீவு அந்தோணியாருக்கு வெள்ளிப் படகு. பாக்கி.”

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஏழாவது வரியைத்தான். நேர்த்திக்கடன் என்று நம் ஆட்கள் சும்மாவா பெயர் வைத்தார்கள். படகு திரும்பி வந்தால் வெள்ளியில் படகு செய்து வைக்கிறேன் என்று மாசித் திருவிழாவில் நேர்ந்துகொண்டிருக்கிறீர்கள். படகும் வரவில்லை, வெள்ளி வாங்கக் காசும் இல்லை. இப்போது நீங்கள் கோயிலுக்குள் எப்படிப் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து வட்டிக்காரர் தெருவில் வந்தால் எப்படித் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறீர்களோ அப்படி. “இன்னும் கொஞ்சம் தவணை கொடுங்க சாமி” என்கிற முகம். கடன்காரர் வரிசையில் ஆண்டவரையும் உட்கார வைத்துவிட்டீர்கள். அவர் மேல் பாரத்தைப் போடு என்றால் எப்படி இறங்கும்? பாக்கி வைத்திருக்கிற இடத்திலேயே மேலும் கைமாற்று கேட்பது மாதிரி அல்லவா இருக்கிறது!

இதற்கு ஒரு காரியம் செய்யலாம். பங்குச் சாமியாரிடம் போய் இந்த நேர்ச்சையைப் பற்றி மட்டும் பேசுங்கள். தனியாள் நேர்ந்துகொண்டதை மாற்றவும் தளர்த்தவும் திருச்சபையில் வழி இருக்கிறது, அது பங்குச் சாமியாரின் கையிலேயே இருக்கிறது. வெள்ளிப் படகுக்குப் பதில் ஒரு மெழுகுவர்த்தி என்று அவர் சொல்லக்கூடும். அவர் என்ன சொன்னாலும் சரி, வந்ததும் அந்த ஏழாவது வரியை இந்தத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் இடம் இது இல்லை.

(கச்சத்தீவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் போக மனமில்லை. அந்தத் திருவிழாவில் நம் கரை ஜனமும் யாழ்ப்பாணக் கரை ஜனமும் ஒரே அந்தோணியார் முன்னால்தான் முழங்காலிடுகிறார்கள். நம்மவர் படகு திரும்பி வர வேண்டும் என்கிறார். அந்தக் கரைக்காரர் விசைப்படகு இழுத்து வரும் இந்த இழுவை மடி வந்து என் வலையை அறுக்காமல் இருக்க வேண்டும் என்கிறார். இழுவை மடியை இலங்கையில் 2017-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அந்தோணியார் யார் பக்கம் சாய்வார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் மன்றாட்டு பலிக்காததற்கு உங்கள் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.)

என் அப்பத்தா தனுஷ்கோடியில் இருந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் அந்த ஊரே போனது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டுபோனது. அப்பத்தா பிழைத்தார். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, “சாமிதான உங்களைக் காப்பாத்துச்சு அப்பத்தா?” என்று கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தாமலே, “அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலடி. பக்கத்து வீட்டுப் புள்ளைகளும் அதே சாமியைத்தான் கும்பிட்டுச்சு” என்றார். அன்று சாயங்காலமும் விளக்கேற்றினார். ஒரு நாள்கூட விட்டதில்லை.

ஆனால் மார்கழி பிறந்தால் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கும். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, முடிச்சுப் போட்ட கொஞ்சம் பணம், ஒரு விபூதிச் சம்படம். வானொலியில் புயல் என்றாலும் இல்லை என்றாலும் தை பிறக்கும் வரை அந்தப் பை அங்கேயே இருக்கும். பத்திரத்தின் ஓரமெல்லாம் விபூதி ஒட்டியிருக்கும். அப்பாவுக்கு அது எரிச்சல். தனித்தனியாக வைக்கக் கூடாதா என்பார். அப்பத்தா கேட்டதில்லை.

உங்களுக்கும் ஒரு மஞ்சப்பை வேண்டும். ஒரு நோட்டு வாங்குங்கள். ஆறு கடனுக்கும் தனித்தனிப் பக்கம். இப்போது உங்கள் தலைக்குள் ‘ரூ.11 லட்சம்’ என்று ஒரே மலையாக நிற்கிறது. பதினோரு லட்சத்தை யாராலும் தீர்க்க முடியாது, நான் முயன்றாலும் முடியாது. கருவாடு விற்று அதைக் கட்ட வேண்டும் என்று இரண்டு மணிக்குக் கணக்குப் போட்டால் தூக்கம் எப்படி வரும்? சிக்கிய வலையை ஒரே இழுவையில் பிரிக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். கரையில் நிழலில் உட்கார்ந்து ஒரு முனையைத் தேடுவார். உங்கள் பட்டியலில் அந்த முனை இரண்டாவது வரி.

நாலு லட்சத்துக்கு ஐந்து வட்டி என்றால் மாதம் ரூ.20,000. பதினாலு மாதம் கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ரூ.2.80 லட்சம் போய்விட்டது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. வருடத்துக்கு அறுபது சதவீத வட்டி இது. வீட்டுக்குள் ஓட்டை இருக்கும்போது வெளியே மழையைத் திட்டிப் பயனில்லை. தமிழ்நாட்டில் அதீத வட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் இருக்கிறது. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கட்டிய தொகை, தேதி, யார் கையில் கொடுத்தீர்கள், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து போட்டிருக்கிறீர்களா, எல்லாவற்றையும் அந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். போவதற்கு முன்பு வட்டிக்காரரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். வக்கீல் சொல்கிறபடி செய்யுங்கள்.

குழுக்கடன்காரர்கள் ராத்திரி எட்டு மணிக்கு வந்து வாசலில் உட்காருவதாக எழுதியிருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிப்படி, இப்படிப்பட்ட சிறுகடனுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடும் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதைச் சொல்லுங்கள், சாதாரணக் குரலில், கூட அண்ணனை வைத்துக்கொண்டு. நகைக்கடனுக்குக் கெடு எப்போது என்று பார்த்து, அதற்கு முன்னமேயே வங்கிக்குப் போய் அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். ஏல நோட்டீஸ் வந்த பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மற்ற மூன்றும் மனிதர்களிடம் வாங்கியது, அவர்களிடம் மனிதர்களாகவே பேசிக்கொள்ளலாம்.

“வெளியே தெரிந்தால் மானம் போகும்” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, படகு பிடிபட்டது பேப்பரில் வந்த சேதி. உங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்கு இரண்டு மணிக்குத் தூக்கம் கலைகிறது என்பது மட்டும்தான். கடல் கொந்தளித்தபோது இயேசு படகில் தூங்கிக்கொண்டிருந்தாரே, அந்தக் கதையை மாற்கு சொல்லும்போது ஓர வரி ஒன்று போட்டிருக்கிறார்: வேறு படகுகளும் அவரோடு போயின. பிரசங்கங்களில் யாரும் அந்தப் படகுகளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைய அலை அவர்களையும்தான் தூக்கிப் போட்டிருக்கும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று உங்களைப் போல் படகைப் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன. அவர்களில் ஒரு பெண்ணையாவது தேடிப் பிடித்து ஒரு டீ குடியுங்கள். அதே கதையில் இன்னொன்று: மாற்கு எழுதியபடி, காற்றை அடக்கிய பிறகுதான் ‘ஏன் பயந்தீர்கள்’ என்று கேட்கிறார். முதலில் அலை, அப்புறம்தான் கேள்வி.

உங்கள் கணவரைப் பற்றி எனக்கு உங்களைவிட அதிகக் கவலை. “நான் போயிருக்கணும்” என்று ஒரு தடவை சொன்னாராம், அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லையாம். காய்ச்சலில் படுத்ததற்காகத் தன்னைத்தானே சிறையில் வைத்துக்கொண்டிருக்கிறார். நாலு பேர் வெளியே வந்துவிட்டார்கள், இவர்தான் இன்னும் உள்ளே இருக்கிறார். அவரிடம் வேலைக்குப் போங்கள் என்று சொல்லாதீர்கள். சம்மாட்டியாக, சொந்தப் படகுக்காரராக இருந்தவர் இன்னொருவர் படகில் பங்குக்குப் போகும் ஆளாகக் கால் வைப்பது எவ்வளவு கனம் என்பது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். அப்போது எல்லா விசைப்படகும் கரையேறி நிற்கும், பெயின்ட் அடிப்பது, எஞ்சின் பிரிப்பது, மடி சரிபார்ப்பது என்று கை தெரிந்த ஆளுக்கு அலைவார்கள். கடலுக்குப் போகாமல் கடல் வேலை பார்க்கலாம், மற்றவர்களும் அந்த நேரத்தில் கரையில்தான் இருப்பார்கள். அவருக்கு அது தோதான வாசல். அதற்கு முன் படகின் பதிவு, உரிமம், இன்சூரன்ஸ் காகிதங்களை ஒரு ஃபைலில் கோத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வழக்கில் படகைக் கேட்க வேண்டுமென்றால் உரிமையாளர் ஆவணங்களோடு இலங்கை நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும். சங்கத்தின் மூலம் ராமேஸ்வரம் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். மீட்க முடியாமல் போன படகுகளுக்கு அரசு நிவாரணம் கொடுத்திருக்கிறது, அதற்கும் அதே காகிதங்கள்தான். அவர் “செத்தா நல்லது” என்பது போல் ஏதாவது சொன்னால், மேலே உங்களுக்கு எழுதியதெல்லாம் அவருக்கும்தான்.

மகளுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற பெண், தினம் நோயாளிகளைப் பார்க்கிறவள். உங்கள் குரலைக் கேட்டே கண்டுபிடித்திருப்பாள். சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, இரண்டு மணி. விழிப்பு வந்தால் படுத்துப் புரளாதீர்கள். எழுந்து முகம் கழுவி அடுப்படியில் உட்காருங்கள். அந்த நேரத்தில் ஜெபிக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் தவணை கேட்கிற ஜெபம் வேண்டாம். இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே சொல்லுங்கள். திருப்பாடல் 88-ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசி வரை புலம்பல், கடைசி வரியிலும் இருட்டுதான், மீட்பின் கடவுளே என்று கூப்பிடுகிற தொடக்கத்தைத் தவிர ஆறுதலாக ஒரு வரிகூடக் கிடையாது. அதையும் விவிலியத்துக்குள் வைத்துத்தான் இத்தனை நூறு வருடமாகக் கோயிலில் படிக்கிறார்கள். அதில் யாரும் கோடு போட்டு அடிக்கவில்லை. சொல்லி முடித்ததும் நோட்டை எடுத்து நாளைக்குச் செய்ய வேண்டிய ஒன்றே ஒன்றை எழுதுங்கள். “ஆணைக்குழு ஆபீஸ்” என்று இரண்டு வார்த்தை போதும். நோட்டை மூடி, மஞ்சப்பையில் போட்டு, ஆணியில் மாட்டிவிட்டு வந்து படுங்கள். தூக்கம் வருமா? முதல் வாரம் வராது. மூன்றாம் வாரத்தில் பார்க்கலாம். வராவிட்டால் அதற்குத்தான் டாக்டர்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். சாமியார் நேர்ச்சையைப் பற்றி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை. நாலு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். இந்தத் தடவை எதையும் அடிக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா